கொன்றவரின் சாட்சியம்

1956ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், சீனச் சிறைகளிலிருந்து விடுவிக்கப்பட்ட ஆயிரத்துச் சொச்சம் ஜப்பானியப் படைவீரர்கள் நாடு திரும்பினார்கள். போர் முடிந்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. தோற்ற நாடு அதற்குள் எழுந்து நின்றுவிட்டது. அணுகுண்டின் நினைவும் பட்டினியின் நினைவும் அதற்கு இருந்தன. சீன மண்ணில் தன் படை என்ன செய்தது என்ற நினைவு மட்டும் இல்லை. திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்தது அந்த நினைவைத்தான். எரித்த ஊர்களையும் கொன்ற மனிதர்களையும் வன்கொடுமை செய்த பெண்களையும் பற்றி அவர்கள் பேசினார்கள். ‘படை செய்தது’ என்று சொல்லவில்லை, ‘நான் செய்தேன்’ என்று சொன்னார்கள். சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

போருக்குப் பிந்தைய அமைதியைப் பற்றிப் பேசும்போது பாதிக்கப்பட்டவர்களின் சாட்சியத்தையே நாம் நினைக்கிறோம். அதுவே முதன்மையானது, அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால், உயிர் பிழைத்தவரின் சொல்லை அரசுகள் எளிதாகத் தள்ளிவிடுகின்றன: எதிரியின் பிரச்சாரம் என்கின்றன, மிகைப்படுத்தல் என்கின்றன, ஆதாரம் எங்கே என்கின்றன. செய்தவரே வாய் திறக்கும்போது அந்தத் தப்பிக்கும் வழி அடைபடுகிறது. ஆகவே, முன்னாள் படைவீரர்களின் சாட்சியத்துக்கு ஒரு சமூகம் எந்த இடத்தைக் கொடுக்கிறது என்பதை வைத்தே அங்கே நிலவுவது அமைதியா, வெறும் போர் ஓய்வா என்று சொல்லிவிடலாம்.

அப்படிப்பட்ட சாட்சியம் தானாக முளைப்பதில்லை. குற்றம் செய்தவருக்கு அரசு கொடுக்கும் மன்னிப்பு எதற்குப் பதிலாகக் கொடுக்கப்படுகிறது என்ற கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. ஜப்பானின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

ஃபூஷுன் சிறையில் நடந்தது

1950 ஜூலையில் சோவியத் ஒன்றியம் தன்னிடமிருந்த ஜப்பானியப் போர்க்கைதிகளில் 969 பேரைச் சீனாவிடம் ஒப்படைத்தது. சைபீரியாவில் ஐந்து ஆண்டுகள் கட்டாய உழைப்பில் கழித்தவர்கள் அவர்கள். அவர்களை அடைத்துவைத்த ஃபூஷுன் சிறை, 1936இல் சீனர்களை அடைப்பதற்காக ஜப்பானியர்களே கட்டியது. காவலர்களில் பலர் ஜப்பானியப் படையிடம் சொந்தங்களைப் பறிகொடுத்தவர்கள். பழிதீர்ப்பார்கள் என்றே கைதிகள் எதிர்பார்த்தார்கள்.

அடிக்கக் கூடாது, அவமதிக்கக் கூடாது என்பது பிரதமர் சோ என்லாய் வகுத்த கொள்கை. காவலர்கள் சோளம் உண்ட காலத்தில் கைதிகளுக்கு வெள்ளை அரிசிச் சோறு கிடைத்தது. நோய் வந்தால் மருத்துவம் பார்த்தார்கள். படிக்கவும் விவாதிக்கவும் நேரம் கொடுத்தார்கள். பிறகு, போரில் செய்ததை எழுதச் சொன்னார்கள். தொடக்கத்தில் எழுதப்பட்டவை ‘மேலிடத்து உத்தரவு’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. திரும்பவும் எழுதச் சொன்னார்கள். ஆண்டுகள் சென்றன. ஊர், நாள், ஆட்கள், செய்த செயல் என்று எழுத்து மெல்ல மெல்லத் திறந்துகொண்டது.

1956 ஜூன், ஜூலை மாதங்களில் ஷென்யாங்கிலும் தாய்யுவானிலும் சிறப்பு ராணுவ நீதிமன்றம் கூடியது. தாய்யுவான் சிறையில் இருந்தவர்களையும் சேர்த்து 45 பேர் மீது மட்டும் வழக்கு நடந்தது. குடும்பத்தை இழந்தவர்கள் நேரில் வந்து சாட்சி சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் தலைகுனிந்து ஒப்புக்கொண்டார்கள். ஒருவருக்கும் மரண தண்டனை இல்லை, ஆயுள் தண்டனையும் இல்லை. 8 முதல் 20 ஆண்டுகள் வரை விதிக்கப்பட்ட தண்டனையில் ஏற்கெனவே கழிந்த சிறைக்காலமும் கணக்கில் சேர்க்கப்பட்டது. 1964க்குள் உயிரோடிருந்த எல்லோரும் விடுதலையானார்கள். எஞ்சிய 1,017 பேர் வழக்கின்றியே ஊருக்கு அனுப்பப்பட்டார்கள்.

இதில் சீன அரசுக்கு ராஜதந்திர நோக்கம் இருந்தது. 1951 சான் பிரான்சிஸ்கோ அமைதி ஒப்பந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்படாத நாடு அது. ஜப்பானுடன் நேரடி உறவுக்கு அது வழி தேடிக்கொண்டிருந்தது. அதே ஆண்டுகளில் தன் சொந்தக் குடிமக்களில் பல லட்சம் பேரை ‘எதிர்ப்புரட்சியாளர்கள்’ என்று கொன்றதும் அதே அரசுதான். ஃபூஷுனை ஒரு புனிதக் கதையாக்க வேண்டியதில்லை. ஆனால், அங்கே கையாளப்பட்ட வரிசைமுறை முக்கியமானது. முதலில் உண்மை, அடுத்து பாதிக்கப்பட்டவர் முன்னால் ஒப்புதல், அதற்குப் பிறகே மன்னிப்பு.

ஒரு தாயின் கடிதம்

யுவாசா கென் என்ற ராணுவ மருத்துவரின் கதையைச் சொல்லாமல் இதைப் புரியவைக்க முடியாது. 1942இல் ஷான்ஸி மாகாணத்தில் உள்ள லூஆன் ராணுவ மருத்துவமனைக்கு இளம் மருத்துவராகப் போனார் அவர். போர்முனைக்குச் செல்லும் மருத்துவர்களுக்கு அறுவைச் சிகிச்சைப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று சொல்லி, உயிருள்ள சீனர்களை அங்கே அறுத்தார்கள். செவிலியர்கள் இருந்தார்கள், மூத்த மருத்துவர்கள் இருந்தார்கள், எல்லோரும் வழக்கமான வேலையைப் போலவே நடந்துகொண்டார்கள். யுவாசாவும் செய்தார், மீண்டும் மீண்டும் செய்தார். போர் முடிந்த பின்னும் சீனாவிலேயே தங்கி மருத்துவம் பார்த்தார். தான் குற்றவாளி என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை.

கைதாகித் தாய்யுவான் சிறையில் இருந்தபோது ஒரு கடிதத்தை அவரிடம் கொடுத்தார்கள். அவர் அறுத்துக் கொன்றவர்களில் ஒருவரின் தாய் எழுதியது அது. மகனை ராணுவப் போலீஸ் பிடித்துச் சென்றதையும், கட்டிச் சிறுத்த பாதங்களோடு அந்தத் தாய் பின்தொடர்ந்து போய் வாசலில் காத்திருந்ததையும், அவனை வண்டியில் ஏற்றிச் சென்ற இடம் தெரியாமல் தேடி அலைந்ததையும், பிறகு யாரோ வந்து உண்மையைச் சொன்னதையும் அது விவரித்தது. அதுவரை யுவாசாவின் நினைவில் இருந்தது ஓர் அறுவை மேசை மட்டுமே. அந்த மேசையில் கிடந்தவனுக்கு ஓர் அம்மா இருந்தாள் என்பது அன்றுதான் அவருக்கு உறைத்தது. 1956இல் நாடு திரும்பி, 2010இல் இறக்கும்வரை அவர் கூட்டங்களுக்குச் சென்று அதைப் பேசிக்கொண்டே இருந்தார்.

மனநல மருத்துவர் நோதா மாசாகி இத்தகைய முன்னாள் படைவீரர்களை நெடுநேரம் உட்காரவைத்துக் கேட்டு, 1998இல் ஒரு நூல் எழுதினார். கொலை செய்தவர்கள் ஏன் மனம் உடையவில்லை என்பது அவருடைய கேள்வி. துன்பத்தை உணரும் ஆற்றலையே மரத்துப்போகச் செய்யும் சமூகம்தான் அப்படிப்பட்ட படையை உருவாக்குகிறது, அந்த மரத்துப்போன தன்மை போருக்குப் பிறகும் வீடுகளில் தொடர்கிறது என்ற இடத்துக்கு அவர் வாசகரை அழைத்துச் செல்கிறார்.

பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் தர முடியாத ஒன்றைக் கொன்றவரின் சாட்சியம் தருகிறது. ஒரு சாதாரண இளைஞன் எப்படிக் கொலைகாரனாக்கப்பட்டான் என்பதை அவனால் மட்டுமே சொல்ல முடியும். தோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அதிகாரியாகச் சேர்ந்த தோமினாகா ஷோசோ, பயிற்சியின் நிறைவாகக் கட்டிப்போட்ட ஒரு கைதியின் தலையை வாளால் வெட்ட வைக்கப்பட்டார். புதிதாக வந்த சிப்பாய்களுக்கு உயிருள்ள கைதிகளையே துப்பாக்கிக் கத்தியால் குத்தும் பயிற்சி கொடுக்கப்பட்டதையும், பின்னாளில் அந்தப் பயிற்சியைத் தானே நடத்தியதையும் அவர் சொன்னார். ‘சில கெட்டவர்கள் வரம்பு மீறிவிட்டார்கள்’ என்று எல்லா ராணுவங்களும் சொல்லும் விளக்கம் இந்தச் சாட்சியத்தின் முன் நிற்பதில்லை. வரம்பு மீறல் அங்கே பாடத்திட்டமாகவே இருந்தது.

‘மூளைச்சலவை செய்யப்பட்டவர்கள்’

ஊர் திரும்பியவர்களை ஜப்பான் வரவேற்கவில்லை. கம்யூனிஸ்டுகள் என்று போலீஸ் கண்காணித்தது. பலருக்கு வேலை கிடைக்கவில்லை. 1957இல் அவர்கள் ‘சூகிரென்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சீனாவிலிருந்து திரும்பியோர் சங்கத்தைத் தொடங்கினார்கள். தண்டனை பெற்று விடுதலையான லெப்டினன்ட் ஜெனரல் ஃபுஜிதா ஷிகெரு அதன் முதல் தலைவரானார். அதே ஆண்டில் தங்கள் வாக்குமூலங்களை ‘சான்கோ’ என்ற நூலாக வெளியிட்டார்கள். வேகமாக விற்ற அந்த நூலின் பதிப்பு, வலதுசாரிகளின் மிரட்டலால் நிறுத்தப்பட்டது.

அந்த ஆண்டின் பிப்ரவரியில்தான் கிஷி நொபுசுகே பிரதமரானார். மஞ்சூரியாவின் தொழில்துறையை ஜப்பானுக்காக நிர்வகித்தவர், போர் முடிந்ததும் முதல்நிலைப் போர்க்குற்றச் சந்தேகத்தில் சிறையில் இருந்தவர், விசாரணையே இல்லாமல் விடுவிக்கப்பட்டவர். உண்மையைச் சொன்ன கடைநிலைச் சிப்பாய் வேலை தேடி அலைந்தபோது, எதையும் சொல்ல வேண்டிய அவசியம் நேராதவர் நாட்டை ஆண்டார். ஒரு சமூகம் எந்த நடத்தைக்குப் பரிசு கொடுக்கிறது என்று மற்ற படைவீரர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1953இல் ராணுவ ஓய்வூதியம் மீண்டும் வழங்கப்பட்டது. முன்னாள் படையினரின் தோழமைச் சங்கங்கள் ஊருக்கு ஊர் இருந்தன. இறந்த தோழர்களின் பெயரைக் கெடுக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அதை மீறியவர் ஒதுக்கப்பட்டார்.

சூகிரென் உறுப்பினர்கள் மீது எப்போதும் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு, அவர்கள் சீனாவில் மூளைச்சலவை செய்யப்பட்டவர்கள் என்பது. இதை நேர்மையாக எடுத்துக்கொண்டு பரிசீலிக்க வேண்டும். சிறையில் எழுதப்பட்ட எந்த வாக்குமூலத்தையும் சந்தேகிக்க நமக்கு உரிமை உண்டு. ஆனால், அவர்கள் விடுதலையாகி, தங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாத நாட்டில், பேசினால் இழப்பு மட்டுமே என்ற நிலையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அதையே சொன்னார்கள். சீன, ஜப்பான் கம்யூனிஸ்டுக் கட்சிகளின் பிணக்கால் 1960களின் பிற்பகுதியில் அந்தச் சங்கமே இரண்டாக உடைந்து, 1986இல்தான் மீண்டும் ஒன்றானது. அந்தப் பிளவுக்காலத்திலும் எந்தத் தரப்பும் ‘அப்படி எதுவும் நடக்கவில்லை’ என்று சொல்லவில்லை. 1988இல் ஃபூஷுனில் அவர்களே மன்னிப்புக் கோரும் நினைவுத்தூணை நிறுவினார்கள்.

ஃபூஷுன் பக்கமே போகாத படைவீரர்களும் அதே உண்மையைச் சொன்னார்கள். நான்ஜிங் படுகொலையில் பங்குபெற்ற அசுமா ஷிரோ தன் போர்க்கால நாட்குறிப்பின் அடிப்படையில் 1987இல் நூல் வெளியிட்டார். நான்ஜிங்குக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அந்த நூலில் குறிப்பிடப்பட்ட முன்னாள் ராணுவத் தோழர் தொடுத்த அவதூறு வழக்கில் 2000இல் உச்ச நீதிமன்றம்வரை தோற்றார். ஃபுகுஷிமா பகுதியில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி, ஓனோ கென்ஜி, நான்ஜிங் சென்ற சிப்பாய்களின் வீடுகளைத் தேடிப்போய் அவர்களின் நாட்குறிப்புகளைத் திரட்டினார். அவை 1990களில் நூலாக வந்தன. சம்பவம் நடந்த நாட்களிலேயே எழுதப்பட்ட அந்தக் குறிப்புகளை எந்தச் சிறையும் எழுதவைக்கவில்லை.

மௌனத்துக்கு விலையாகக் கொடுத்த மன்னிப்பு

ஃபூஷுனுக்கு நேரெதிரான ஒரு மன்னிப்பும் அதே போரின் குற்றங்களுக்குக் கொடுக்கப்பட்டது. ஹார்பினுக்கு அருகே மனிதர்கள் மீது கிருமிச் சோதனை நடத்திய 731ஆம் பிரிவின் தலைவர் இஷீ ஷிரோவும் அவருடைய சகாக்களும் தங்கள் சோதனைத் தரவுகளை அமெரிக்காவிடம் ஒப்படைத்தார்கள். அதற்கு ஈடாக வழக்கிலிருந்து விலக்குப் பெற்றார்கள். தோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் அவர்கள் நிறுத்தப்படவில்லை. இஷீ 1959இல் ஜப்பானில் நோயால் இறந்தார். இந்த மன்னிப்பு வாங்கியது அறிவியல் தரவை, விற்றது உண்மையை. பாதிக்கப்பட்டவர்கள் இந்தப் பேரத்தில் எங்குமே இல்லை.

731ஆம் பிரிவில் 1939இல் சிறுவனாகச் சேர்க்கப்பட்ட ஷினோசுகா யோஷியோ, பின்னர் ஃபூஷுனில் இருந்து திரும்பியவர்களில் ஒருவர். கிருமி பரப்பும் தெள்ளுப்பூச்சி வளர்த்ததையும், உயிருள்ள மனிதர்களை அறுத்தபோது தான் உடனிருந்ததையும் வெளிப்படையாகப் பேசினார். 1998இல் இதைப் பேசுவதற்காகவே அமெரிக்கா சென்றபோது, போர்க்குற்றம் செய்தவர் என்று சொல்லி அவரை விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். அவருடைய மேலதிகாரிகளைக் காப்பாற்றிய அரசு, உண்மை சொல்ல வந்த அவரை உள்ளே விட மறுத்தது.

ஆனாலும், அந்தச் சாட்சியம் வீணாகவில்லை. சீனப் பாதிக்கப்பட்டோர் தொடர்ந்த வழக்கில் ஷினோசுகா தோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2002 ஆகஸ்ட் 27 அன்று அந்த நீதிமன்றம் இழப்பீடு தர மறுத்தது. ஆனால், ஜப்பான் கிருமிப் போர் நடத்தியது என்பதை உண்மையென ஏற்றுத் தீர்ப்பில் பதிவு செய்தது. அரை நூற்றாண்டுக்கும் மேல் மறுக்கப்பட்டுவந்த ஒன்று நீதிமன்ற ஆவணமானது. பணம் கிடைக்காத குடும்பங்களுக்கு இது போதுமா என்றால், போதாது. ஆனால், ‘நடக்கவே இல்லை’ என்று அவர்கள் முகத்துக்கு நேரே இனி யாரும் சொல்ல முடியாது.

2000 டிசம்பரில் தோக்கியோவில் பெண்கள் அமைப்புகள் கூட்டிய சர்வதேச மக்கள் நீதிமன்றத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. பாலியல் அடிமைகளாக்கப்பட்ட ஆசியப் பெண்கள் பல நாடுகளிலிருந்து வந்து பேசினார்கள். சூகிரெனைச் சேர்ந்த கானெகோ யாசுஜி, சுசுகி யோஷியோ என்ற இரு முதியவர்கள் மேடையேறி, தாங்கள் செய்த வன்கொடுமையை அந்தப் பெண்களின் முன்னிலையில் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த மாதம் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே அந்த நீதிமன்றம் பற்றிய நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அதில் வெட்டி எடுக்கப்பட்டவற்றுள் இந்த இருவரின் சாட்சியமும் இருந்தது. மறுப்பவர்கள் எதைக் கண்டு அதிகம் அஞ்சுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சாட்சியத்தை ஆயுதமாக்குவோர்

படைவீரரின் சாட்சியத்தைப் புதைக்கும் அரசைப் போலவே, அதை ஆயுதமாக்கும் அரசும் அமைதிக்கு உதவுவதில்லை. ஜப்பானுடன் உறவு கசந்திருந்த 2014இல், சீன அரசு ஆவணக் காப்பகம் தண்டனை பெற்ற அந்த 45 பேரின் வாக்குமூலங்களை நாளுக்கு ஒன்றாக வெளியிட்டது. ஆவணங்கள் வெளிவந்தது நல்லதே. ஆனால், மனம் வருந்தி எழுதியதை, நல்லுறவு வேண்டி எழுதியதை, பகை மூட்டும் தினக்கணக்காக்கியது அந்த வருத்தத்துக்குச் செய்த நியாயம் ஆகாது.

யாருடைய துயரம் சாட்சிக்குத் தகுதியானது என்ற பாகுபாடும் நினைவின் அரசியலில் ஒரு பகுதிதான். சயாம் மரண ரயில் பாதை தமிழர்களுக்குத் தெரிந்த கதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் 1942, 43ஆம் ஆண்டுகளில் அந்தக் காட்டில் காலராவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். அங்கே ஜப்பானிய ராணுவ மொழிபெயர்ப்பாளராக இருந்த நாகாசே தகாஷி, போர் முடிந்ததும் நேசப்படைகளின் கல்லறைகளைத் தேடும் குழுவுடன் பாதை நெடுகச் சென்றார். அங்கே கண்டது அவரைக் கடைசிவரை விடவில்லை. வாழ்நாள் முழுவதும் தாய்லாந்துக்குத் திரும்பத் திரும்பச் சென்று பரிகாரம் தேடினார். தன் முன்னிலையில் சித்திரவதை செய்யப்பட்ட பிரிட்டிஷ் கைதி எரிக் லோமாக்ஸை 1993இல் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். அது நூலாகவும் திரைப்படமாகவும் உலகெங்கும் போனது. வெள்ளையரான போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்த தமிழ், மலாய், பர்மியத் தொழிலாளர்களுக்கு அப்படி இல்லை. அவர்களைத் தேடிச் செல்ல யாரும் குழு அமைக்கவில்லை. நாகாசேயின் மனமாற்றம் உண்மையானது. ஆனால், தனிமனிதரின் மனமாற்றத்தை மட்டும் நம்பியிருந்தால், குரலற்றவர்களிடம் அது வந்து சேராது.

செம்மணி நமக்குச் சொல்வது

இலங்கையில் போர் முடிந்து ஒன்றரைத் தசாப்தம் கடந்துவிட்டது. அங்கே ஒரு படைவீரரின் சாட்சியம் எப்படி நடத்தப்பட்டது என்பதற்குச் செம்மணியே விடை.

1996 செப்டம்பரில் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய யாழ்ப்பாண மாணவி கிருஷாந்தி குமாரசாமி, செம்மணிச் சோதனைச்சாவடியில் படையினரால் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் கொல்லப்பட்டார்கள். 1998 ஜூலையில் அந்த வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்ட படைவீரர் சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்திலேயே சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன. அதன்பின் விசாரணை உறங்கிப்போனது. 2025இல் அதே வட்டாரத்தின் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புத் தொகுதிகள் கிடைத்தன. குழந்தைகளுடையவையும் அவற்றில் இருந்தன. பள்ளிக்கூடப் பை ஒன்றும் பொம்மை ஒன்றும் கிடைத்தன.

சோமரத்னவின் சொல்லை 1998இலேயே முழுமையாகப் பின்தொடர்ந்திருந்தால், உத்தரவிட்டவர் யார், எத்தனை பேர், எங்கெங்கே என்ற கேள்விகளுக்குச் சாட்சிகள் உயிரோடு இருந்த காலத்திலேயே விடை தேடியிருக்கலாம். அவர் கொலைக் குற்றவாளி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னார் என்பது உண்மையாகவே இருக்கட்டும். சாட்சியத்தைச் சொன்னவரின் குணத்தை வைத்து அளப்பதைவிட, மண்ணைத் தோண்டிச் சரிபார்ப்பதுதான் அரசின் கடமை. அது நடக்கவில்லை. கடைநிலைச் சிப்பாய் சிறையில், மேலிருந்தவர்கள் கேள்விக்கு அப்பால் என்பதே நடந்தது.

மறுபக்கம், 2000ஆம் ஆண்டில் மிருசுவிலில் குழந்தைகள் உட்பட எட்டுத் தமிழர்களைக் கொன்ற வழக்கில் நீண்ட விசாரணைக்குப் பின் 2015இல் தண்டிக்கப்பட்ட படைவீரருக்கு 2020 மார்ச்சில் ஜனாதிபதி பொதுமன்னிப்பு வழங்கினார். அதற்குப் பதிலாக என்ன பெறப்பட்டது? ஓர் உண்மையும் இல்லை, ஒரு வருத்தச் சொல்லும் இல்லை. இறந்தவர்களின் குடும்பங்களைக் கேட்கவும் இல்லை. பேசுபவனுக்குச் சிறை, பேசாதவனுக்கு விடுதலை என்று இந்த இரண்டும் சேர்ந்து படைக்குச் சொல்கின்றன. காணாமல் ஆக்கப்பட்டோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரப் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாருக்கு இன்றுவரை விடை இல்லை. அந்த விடை கோப்புகளில் இருக்கலாம். ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்ட சிப்பாய்களின் மனதில் கட்டாயம் இருக்கிறது.

இதையே நம் பக்கம் திருப்பியும் கேட்டாக வேண்டும். 1990 அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டதையும், பிள்ளைகள் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டதையும், மாற்று இயக்கத்தவர் கொல்லப்பட்டதையும் உள்ளிருந்து அறிந்த முன்னாள் போராளிகள் இருக்கிறார்கள். புனர்வாழ்வு என்ற பெயரில் தடுத்துவைக்கப்பட்டு, இன்றும் கண்காணிக்கப்படும் அவர்களால் தங்களுக்கு இழைக்கப்பட்டதையே பேச முடியவில்லை. தாங்கள் இழைத்ததை எப்படிப் பேசுவார்கள்? அரசு அச்சுறுத்துகிறது என்றால், நம் சமூகமோ ‘துரோகி’ என்ற சொல்லை எப்போதும் கைவசம் வைத்திருக்கிறது. சிங்களச் சிப்பாயிடம் நாம் எதிர்பார்க்கும் துணிவுக்கு நம் வீட்டில் இடம் ஒதுக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, மன்னிப்போ தண்டனைக் குறைப்போ முழு உண்மைக்குப் பின்னரே வர வேண்டும். தென்னாப்பிரிக்காவின் உண்மை, நல்லிணக்க ஆணையம் அப்படித்தான் நிபந்தனை வைத்தது. 7,112 பேர் விண்ணப்பித்ததில் 849 பேருக்கே மன்னிப்புக் கிடைத்தது. அங்கும் ராணுவத்தின் மேல்மட்டம் பெரும்பாலும் வராமலே இருந்துவிட்டது. வராதவர் மீது பின்னர் வழக்குப் பாயும் என்ற அச்சம் இல்லாவிட்டால் உண்மை ஆணையம் பாதி வழியிலேயே நின்றுபோகும் என்பதே அதன் பாடம்.

இரண்டாவது, சாட்சி சொல்ல முன்வரும் முன்னாள் படைவீரருக்கும் அவர் குடும்பத்துக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும், ஓய்வூதியம் பறிபோகாது என்ற உறுதி வேண்டும், மனநல உதவி வேண்டும். மூன்றாவது, அந்தச் சாட்சியம் பாதிக்கப்பட்டவர்களின் சம்மதத்தோடு, அவர்கள் கேள்வி கேட்கும் உரிமையோடு நடக்க வேண்டும். அதில் சிப்பாய் தன்னை இன்னொரு பாதிக்கப்பட்டவராக முன்னிறுத்தத் தொடங்கினால் அதைத் தடுக்க வேண்டும். போர் அவரையும் சிதைத்தது உண்மைதான். ஆனால், அவர் சிதைத்தவர்களின் கணக்கு முதலில் பேசப்பட வேண்டும். நான்காவது, சொன்னவை ஆவணமாகிப் பாடநூலுக்குள் நுழைய வேண்டும். சூகிரென் முதுமையால் 2002இல் கலைந்தபோது, இளையவர்கள் அதன் பணியைத் தொடர ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 2006இல் கவாகோயெ நகரில் அதன் ஆவணங்களைக் காக்கும் நினைவகம் திறக்கப்பட்டது. அதைச் செய்தது தன்னார்வலர்கள். அரசு செய்திருக்க வேண்டிய வேலை அது.

ஜப்பானின் அந்தச் சிப்பாய்கள் தங்கள் நாட்டை மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. மறுப்பவர்கள் அங்கே இன்றும் செல்வாக்கோடு இருக்கிறார்கள். ஆனால், அவர்களுடைய சாட்சியம் இல்லாத ஜப்பானில் மறுப்பு மட்டுமே வரலாறாக இருந்திருக்கும். போருக்குப் போன தலைமுறை இறந்து முடிவதற்குள் கேட்டால்தான் இந்தச் சாட்சியம் கிடைக்கும். இலங்கையில் இறுதிப் போரில் இருபது வயதில் துப்பாக்கி ஏந்தியவர்களுக்கு இப்போது நாற்பதை நெருங்கும் வயது. பிள்ளைகள் வளர்ந்து கேள்வி கேட்கும் வயதும் அதுதான். அவர்களைக் கேட்பதற்கு நமக்கு இன்னும் காலம் இருக்கிறது. உண்மை சொல்பவரைக் காட்டிக்கொடுத்தவர் என்று அழைப்பதை இரு தரப்பும் இன்றே நிறுத்தினால், அந்தக் காலம் வீணாகாது.